அரை மைதானம்

— நாலு பேரைப் பின்னுக்கு நிப்பாட்டிப்போட்டு, பந்தை இவன் அவனுக்கும் அவன் இவனுக்கும் தட்டிக்கொண்டு நிக்கிறது விளையாட்டோ, யோகமலர்? நான் கோச்சா இருக்கேக்க எங்கட கல்லூரிப் பொடியள் அப்பிடியோ விளையாடினவங்கள்? பந்தெண்டால் தூக்கி அடிக்கவேணும்.

— உங்கட காலத்தில முழு மைதானமும் இருந்தது. இப்ப அரைவாசியில இந்தியன் ஆமியின்ர காம்ப். நடுக்கோட்டோட முள்ளுக்கம்பி அடிச்சிருக்கு. தூக்கி அடிச்ச பந்து கம்பிக்கு அங்கால விழுந்தால் வராது. எடுக்கப் போறவன் வாறதும் சந்தேகம். அதுதான் புது கோச் நிலத்தோட தட்டப் பழக்கினது.

— தம்பி கோணேசன், உன்ர மனுசி யாழ்ப்பாணத்தில இருந்து ரெயிலேறிக் கொழும்புக்கு வந்து நிக்கிறது போனில ஃபுட்போல் கதைக்கவோ? விசயத்தைச் சொல்லடாப்பா.

— சொல்லுறன் கனகசபை அண்ணை. கொஞ்சம் பொறுங்கோ.

— என்ன விசயம்? உடன வந்து போன் எடு எண்டு தந்தி அடிச்சனீங்கள். வழி முழுக்க நெஞ்சு பதறிக்கொண்டு வந்தனான். வருத்தம் ஏதும் இல்லையே?

— ஒரு வருத்தமும் இல்லை. நல்ல விசயம்தான். கடைசியாச் சொல்லுறன். எங்கட வழக்கம் அதுதானே, முதல்ல மைதானம், பிறகு வீடு.

— உங்கட வழக்கம். நான் கேட்டுக்கொண்டிருந்தனான்.

— சரி, கேளும். எங்களைப் பழக்கின ஸ்ரனிஸ்லாஸ் மாஸ்டர் பிரம்போட நிப்பார். அவருக்குப் பிறகு நான் வந்து பிரம்பை எறிஞ்சுபோட்டு விசிலைத் தூக்கினன். உங்கட புது ஆள் என்னத்தைத் தூக்குது?

— ஒண்டுமில்லை. விசில் ஊதினால் காம்புக்குள்ள இருந்து துவக்கோட ஓடி வருவாங்கள். கை தட்டுறதுதான். ஒரு தட்டெண்டால் நில், ரெண்டெண்டால் ஓடு.

— விசர்க் கதை. கை தட்டி ஃபுட்போல் பழக்கிறதோ? சிவானந்தன் எனக்குக் கீழ உதவியா நிக்கேக்கயே அப்பிடித்தான். வாய் திறக்கமாட்டான். அவனை விட்டிட்டு வரேக்கயே நினைச்சனான், ரீம் படுத்திடும் எண்டு.

— ரீம் படுக்கேல்ல. வரிசையா வெண்டுகொண்டு வாறாங்கள். சும்மா சொல்லக்கூடாது, உங்கட காலத்தில அடிச்சதை விட இப்ப அடிக்கிற கோல் குறைவுதான். ஆனால் வாங்கிறது அதைவிடக் குறைவு.

— நீரேன் சிவானந்தனுக்கு இவ்வளவு வக்காலத்து?

— வக்காலத்தில்லை. கண்ணால கண்டதைச் சொல்லுறன்.

— கணக்குப் படிப்பிக்கிற ரீச்சருக்கு மைதானத்தில என்ன வேலை? பின்னேரத்தில போறனீரோ?

— ஓம்.

— எப்பவாவதோ?

— ஒவ்வொரு நாளும்.

— கோணேசன், முகம் ஏன் கறுக்குது? விசயத்தைச் சொல்லு எண்டெல்லே சொல்லுறன். லைன் அறுந்தால் பிறகு ரெண்டு நாளைக்குக் கிடைக்காது, விளங்குதோ?

— அண்ணை, ஒரு நிமிசம். யோகமலர், அங்க அந்தாள் எப்பிடிப் பழக்குது? கரும்பலகையில கீறியோ?

— இல்லை. நெருப்புக் குச்சியளை நிலத்தில அடுக்கி. எரியாத குச்சி எங்கட ஆக்கள், எரிஞ்ச குச்சி மற்ற ரீம்.

— அது என்ர பழக்கமெல்லே. நான் ஒரு பொடியனுக்கும் காட்டேல்ல. கலியாணம் முடிச்ச புதுசில சாப்பாட்டு மேசையில உமக்குத்தான் காட்டினனான்.

— ஓம், சோறு ஆற ஆற. நித்திரை தூங்கிக்கொண்டு பாத்தனான். எல்லாம் ஞாபகம் இருக்கு.

— அப்ப நீர்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறீர்.

— இஞ்சாருங்கோ, கோவிக்காதேங்கோ. நான் ஒண்டு கேக்கிறன். அங்க நீங்கள் இப்ப என்ன செய்யிறியள்? நாள் முழுக்க?

— என்ன செய்யிறது. இந்தக் குளிர் நாட்டில, இக்காஸ்ட் ஊரில ஆருக்கும் வேற என்ன வேலை? பாக்டரியில விளையாட்டு ரீசேட்டுக்குக் கழுத்துத் தைக்கிறன். ஃபுட்போல் ரீசேட்தான். முதுகில நம்பர் ஒட்டியிருக்கும். ஒன்பதாம் நம்பர் வந்தால் கொஞ்ச நேரம் கையில வைச்சுப் பாப்பன். பிறகு சுப்பவைசர் வந்திடுவான். அறைக்கு வந்தால் ஜன்னலுக்கு வெளியில ஸ்னோ. நானும் கனகசபை அண்ணையும் இன்னொருத்தருமா மூண்டு பேர் ஒரு அறையில, மூண்டு பேரும் பெண்சாதிமாரைக் கூப்பிட எழுதிக் குடுத்திட்டு இருக்கிறம். காலமை தபால்காரன்ர சைக்கிள் வந்தால் ஒருத்தரும் மற்றவன்ர முகத்தைப் பாக்கிறேல்ல. எனக்குத் தாங்க ஏலாமல் போச்சு, யோகமலர். உண்மையாத்தான் சொல்லுறன்.

— நான் இஞ்ச சிரிச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு நினைச்சியளோ?

— இல்லை. அதுக்குத்தான் தந்தி அடிச்சது. இஞ்ச கந்தோரில தமிழ் ஆக்களின்ர விசாப் பைலுகளை மட்டும் எடுத்து ஒரு பக்கத்தில போட்டு வைச்சிருந்தவங்களாம். பேப்பரெல்லாம் இப்ப அந்தக் கதைதான். புது மந்திரி வந்த பிறகு ஒண்டொண்டாத் திறக்கிறாங்கள். உம்மட விசா வந்திட்டுது. வாரும்.

— பொறுங்கோ, கதிரை ஒண்டு இழுத்து இருக்கிறன்.

— யோகமலர்? கேக்குதோ?

— கேக்குது.

— இவ்வளவு நாளும் இதுக்குத்தானே கிடந்தம்.

— சந்தோசம்தான். எப்ப வரவேணும்?

— எவ்வளவு கெதியா ஏலுமோ அவ்வளவு கெதியா. யாழ்ப்பாணம் திரும்பிப் போகவேண்டாம். உடுப்பைக் கிடுப்பை ஆரும் அனுப்புவினம். கொழும்பிலயே நில்லும்.

— தங்கச்சிக்குச் சொல்லு கோணேசன், திறந்த கதவைத் திரும்ப மூட அவங்களுக்கு ஒரு நாள் காணும் எண்டு. என்ர மனுசியின்ர பைல் இன்னும் வெளியில வரேல்ல. கிடைச்சவை ஓடி வந்திடவேணும், விளங்குதோ?

— கேட்டீரோ, அண்ணை சொல்லுறதை?

— கேட்டனான். சனிக்கிழமை பின்னேரம் பொடியளுக்குக் கடைசி மச். மற்றக் கல்லூரியின்ர மைதானத்தில.

— விசா வந்திருக்கு, நீர் இன்னும் சிவானந்தன்ர மச்சைப் பற்றிக் கதைக்கிறீர். எனக்கு ஒண்டு விளங்கவேணும். உமக்கும் அவனுக்கும்...

— சிவானந்தன் போன மாரிக்கே கனடாவுக்குப் போட்டார். கண்டாச் சொல்லுவம் எண்டிருந்தனான்.

— அப்ப கோச் ஆர்?

— முதல்ல கேளுங்கோ. பள்ளிக்கூடத்து வாசலுக்கும் மைதானத்துக்கும் இடையில ஆமிக்காரன்ர சென்றி இருக்கு. பொடியள் கூட்டமாப் போனால் மறிச்சு, வெயிலுக்க முழங்காலில விடுவாங்கள். கோச் கறுத்தக் குடையைப் பிடிச்சுக்கொண்டு முன்னால நடக்கும், பொடியள் பின்னால ரெண்டு வரிசையா. அப்பிடிப் போனால் விடுறாங்கள். ஒண்டும் கேக்கிறதில்லை.

— ஏன் விடுறாங்கள்? ஆம்பிளையளைத்தானே முதல்ல நிப்பாட்டுவாங்கள்.

— குடையைக் கண்டால் விடுறாங்கள். கார்த்திகையில ஒரு நாள் கோச்சுக்குக் காய்ச்சல். வரேல்ல. பொடியள் தாங்களாப் போயிருக்கிறாங்கள். கோலுக்கு நிக்கிற ரஜிதனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். ஒரு கிழமையால விட்டவங்கள். வலக்கை தோளுக்கு மேல தூக்க ஏலாது. அவன் இன்னும் கோலுக்குத்தான் நிக்கிறான். அதுதான் நாலு பேர் பின்னுக்கு. பந்து உயர வராமல் பாக்கவேணும்.

— ரஜிதனோ? எங்கட ரஜிதனோ? நான் அவனைக் கோலுக்கு விடேக்க அரைக் காற்சட்டை போட்டுக்கொண்டு நிண்டவன்.

— அவன்தான். காய்ச்சல் எண்டு படுத்ததை நினைச்சு கோச் இண்டைக்கும் அழும்.

— யோகமலர், நான் முதல்ல சொன்னதெல்லாத்தையும் விடும். இஞ்ச இருந்துகொண்டு பெரிய கதை கதைச்சிட்டன். ஸ்ரனிஸ்லாஸ் மாஸ்டர் எங்களை அடிச்சு விளையாட வைச்சார், நான் கத்திக் கத்தி விளையாட வைச்சன். உது வேற. அந்த ஆள் ஆராயிருந்தாலும் எங்கள் ரெண்டு பேரையும் விடப் பெரிய கோச்.

— உண்மையாத்தான் சொல்லுறியளோ?

— பின்ன? நீர் வெளிக்கிட முன்னம் அந்தாளுக்கு ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பும். என்ன வந்தாலும் பொடியளை விட்டிட்டுப் போகவேண்டாம் எண்டு கோணேசன் மாஸ்டர் கேட்டவர் எண்டு சொல்லும். விட்டிட்டு வந்த கோச்மார் காணும்.

— சொல்லத் தேவையில்லை. கேட்டிட்டன். குடை இஞ்ச, என்ர மடியிலதான் கிடக்குது.