ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே: பதிவறைக் கடுகக்காவுக்கு ஒரு மடல்

பேரேடுகளின் பெருங்காவலரே! பிறந்தார் பெயரும் மறைந்தார் பெயரும் மங்காது காத்த மாண்புடையீர்! தூசியோடு போரிட்டு, தும்மலோடு குடித்தனம் நடத்தி, தொலைந்த உறவுகளுக்குத் தூது நடந்த தூயவரே! கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்னும் முதுமொழிக்கு முகமாய் விளங்கியமையால், பெரியோரும் சிறியோரும் கடுகக்கா என்றே அழைத்து மகிழும் எங்கள் அன்பிற்குரிய அக்கா அவர்களே! இந்நகராட்சிப் பதிவகத்தின் பணியாளர்களாகிய நாங்கள், தங்கள் பணி நிறைவு நாளாகிய இன்று, தங்களை வணங்கி இம்மடலை வாசித்தளிக்கின்றோம்.

முதற்கண் ஒரு மன்னிப்பு வேண்டுகிறோம். இத்தகைய மடலின் வரைவை முன்கூட்டியே மேலாளர் அவர்களின் பார்வைக்கு வைத்து, அவர் நீக்கச் சொன்னதை நீக்கி, சேர்க்கச் சொன்னதைச் சேர்த்து வாசிப்பதே இவ்வலுவலக வழக்கம். இம்முறை வைக்கவில்லை. அது மறதியால் நேர்ந்ததன்று. மேடையில் நடுநாயகமாய் வீற்றிருக்கும் மேலாளர் அவர்கள் பெருமனத்துடன் பொறுத்தருள வேண்டும். இது சினத்தோடு எழுதப்பட்ட மடல். சினத்தையும் சபை மரியாதையோடு சொல்ல வேண்டும் என்று பள்ளியில் பயின்றிருக்கிறோம். இயன்ற வரை முயல்கிறோம்.

அக்கா அவர்களே! நடைக்கூடத்தின் கோடியில், கழிவறைக்கு அடுத்த கதவாய், ஒற்றைச் சன்னலும் ஓயாது கிறீச்சிடும் மின்விசிறியும் கொண்ட அறையொன்றைத் தங்களுக்குத் தந்தார்கள். பசை வாடையும் பழந்தாள் வாடையும் வீசும் அந்த அறையில், இரும்பு அடுக்குகளில், இந்நகரத்தின் பிறப்பும் இறப்பும், திருமணமும் வீட்டு வரியும், இடுகாட்டுக் குறிப்பும் தொகுதி தொகுதியாய் அடைந்து கிடந்தன. அவற்றைக் குப்பை என்றனர் சிலர். தாங்களோ அதைக் கூட்டுக் குடும்பம் என்றீர்கள். "யாரும் யாரோடயும் பேசாத கூட்டுக் குடும்பம். நாமதான் நடுவுல நின்னு பேச வைக்கணும்" என்று தாங்கள் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை.

தம் முன்னோரைத் தேடி வந்தவர்களுக்குத் தாங்கள் இன்சொல் வழங்கினீர்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். பொய்யை இவ்வறை ஏற்காது. "எங்க கொள்ளுத்தாத்தா பேரு மட்டும் தெரியும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று வந்தவரிடம், "பேரை வெச்சு ஆளைத் தேட நான் என்ன தபால்காரியா? முதல்ல உங்கப்பா செத்த பதிவைப் பாருங்க. அதுலேருந்து பின்னாடி நடங்க. முன்னாடியிருந்து ஓடி வந்தா வேற ஒருத்தர் தாத்தாமேல போய் மோதுவீங்க" என்று வெடித்தீர்கள். இறப்பிலிருந்து திருமணத்திற்கும், திருமணத்திலிருந்து பிறப்பிற்கும் ஏணிப்படி இறங்குவது போல் இறங்கக் கற்றுத் தந்தீர்கள். எவரும் கண்ணெடுத்துப் பாராத 'தகவல் தந்தவர்' என்னும் கடைசிக் கட்டத்தில் விரல் வைத்து, "செத்தவங்க வந்து எழுதி வெக்கல. யாரு வந்து சொன்னாங்கன்னு பாருங்க. அவங்கதான் அன்னிக்கு அழுதவங்க. சொந்தம் அங்கதான் இருக்கு" என்றீர்கள். பக்கங்களைத் தாங்கள் ஒருபோதும் புரட்டித் தரவில்லை. தேடி வந்தவரே தம் கையால் புரட்ட வேண்டும் என்பது தங்கள் பிடிவாதம்.

ஒரு தையற்காரப் பெண்மணியை இங்கே நினைவுகூர்தல் தகும். தம் பாட்டனார் பெரும் நிலக்கிழார் என்று கேட்டு வளர்ந்தவர், அவர் இடுகாட்டில் குழி வெட்டியவர் என்று பதிவேட்டில் கண்டதும் மேசை மேல் கவிழ்ந்து அழுதார். நாங்கள் தண்ணீர் கொண்டு ஓடினோம். தாங்களோ, "ராஜா பரம்பரைன்னு எழுதிக் குடுக்க இங்க கடை விரிக்கல. அழுது முடிச்சுட்டு இதைப் பாருங்க. அடக்கம் பண்ண ஒவ்வொருத்தருக்கும் அவர்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு. ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடின காய்ச்சல் காலத்துலகூட ஒரு நாள் விடல. நிலக்கிழார் இருந்திருந்தா முதல் ஆளா ஓடியிருப்பாரு" என்றீர்கள். அழுத முகம் சிரித்தது. அன்று முதல் அவர் தம் கடைக்கு வருவோரிடமெல்லாம் பாட்டனாரின் தொழிலைப் பெருமையோடு சொல்லி வருகிறார் என்றும், அதனால் இரண்டொரு வாடிக்கையாளர் நின்றுவிட்டனர் என்றும், "போனா போகட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார் என்றும் அறிகிறோம்.

மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் முடிந்தாலும் தங்கள் அறையாகிய தேடலறை மட்டும் ஆறு மணி வரை திறந்திருப்பது தங்களால். "வேலைக்குப் போறவங்க வேலையை விட்டுட்டா தாத்தாவைத் தேடுவாங்க?" என்று முந்தைய மேலாளரிடம் வாதாடி வென்றீர்கள். ஆறு மணிக்குள் சீட்டோடு உள்ளே வந்தவர் தேடி முடிக்கும்வரை கதவைப் பூட்டலாகாது என்று தங்கள் கைப்பட எழுதிய பலகை இன்றும் அக்கதவில் தொங்குகிறது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம்.

தாங்கள் பணியில் சேர்ந்த புதிதில், எழுத்தர் ஒருவர் வீட்டுத் தகராறுக்காகத் தம் பெரியப்பாவின் பதிவைச் சுரண்டித் திருத்தியதைக் கண்டுபிடித்தவர் தாங்கள். பணியாளர் எவரும் தம் குடும்பப் பதிவுகளைத் தாமே திறக்கக் கூடாது, மேலாளர் எழுத்தில் அனுமதித்தால் மற்றொருவர் எடுத்துக் காட்டலாம் என்னும் விதி தங்கள் வற்புறுத்தலால்தான் வந்தது. அவ்விதியே பின்னாளில் தங்கள் கையைக் கட்டியது.

தங்களை வளர்த்த சித்தி நோயில் படுத்த நாளில், "உனக்குக் கீழ இன்னொன்னு பொறந்துச்சு. பொண்ணு. உங்கம்மா போன அன்னிக்கே ஆஸ்பத்திரியில யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க. மேல கேட்காதே" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவின் இறப்புப் பதிவில், அந்தக் கடைசிக் கட்டத்தில், தகவல் தந்தவர் எவரோ அவருக்குத்தான் குழந்தை போன வழி தெரிந்திருக்கும். பிறருக்கெல்லாம் தாங்கள் விரல் வைத்துக் காட்டிய அதே கட்டம்! அத்தொகுதி தங்கள் நாற்காலிக்குப் பின்னால் எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருந்தது. அறையின் சாவி தங்கள் இடுப்பில் இருந்தது. கேட்பாரில்லை, பார்ப்பாரில்லை. ஆயினும் தாங்கள் எட்டவில்லை. முறைப்படி விண்ணப்பித்துக் காத்திருந்தீர்கள்.

அவ்விண்ணப்பத்தை மேலாளர் அவர்கள் என்ன செய்தார்கள்? பொறுத்தருள்க, நாங்கள் கண்ணால் கண்டது இது. தேநீர் நேரத்தில், அனைவர் முன்னிலையிலும் அதை உரக்கப் படித்தார்கள். "ஏம்மா, ரிட்டயர் ஆகப்போற வயசுல தங்கச்சிப் பாப்பாவா? தொட்டில் எங்க போடுவீங்க?" என்று கேட்டு, தாமே சிரித்தும் கொண்டார்கள். அப்போது தாங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க கொள்ளுத்தாத்தாவுக்குக்கூடத்தான் வயசாயிடுச்சு சார். அவரைத் தேடலையா?" என்றீர்கள். சிரிப்பு நின்றது. அனுமதியும் நின்றது.

அந்தக் கொள்ளுத்தாத்தாவின் கதையைச் சபை அறிய வேண்டும். மேலாளர் அவர்களின் இல்லக் கூடத்தில் கண்ணாடிச் சட்டமிட்டு ஒரு குடும்ப மரம் தொங்குகிறது. வேரும் விழுதும் கிளையும் கொழுந்துமாய் வண்ணத்தில் வரைந்த அம்மரத்தின் ஒவ்வோர் இலையும் தங்கள் உழைப்பு. அதற்கான விண்ணப்பத்தில் விண்ணப்பித்தவர் கையெழுத்தும் மேலாளருடையது. அனுமதித்தவர் கையெழுத்தும் மேலாளருடையது. தமக்குத் தாமே விண்ணப்பித்து, தமக்குத் தாமே இரங்கி, தமக்குத் தாமே அருளிய அந்த வள்ளன்மையை என்னென்று போற்றுவோம்! மரத்திற்கு நீர் வார்த்தவர் நாவறண்டு நிற்க, நிழலில் அமர்ந்தவர் ஊஞ்சல் ஆடுவது எந்த ஊர் நியாயம்? தாங்கள் கேட்டது மரமன்று, அக்கா. ஒரு கட்டம். ஒரே ஒரு வரி.

இவ்வளவும் போதாதென்று சென்ற வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பொதுமக்களின் வருகை பணிக்கு இடையூறாய் இருப்பதால் தேடலறை நாளை முதல் மூடப்படும். தொகுதிகள் யாவும் வெளியூர்க் கிடங்கிற்கு அனுப்பப்படும். அறை மேலாளரைக் காண வரும் விருந்தினர் அமரும் கூடமாக மாற்றப்படும். கிடங்கில் தொகுதிகளைப் பார்க்க வழி உண்டா என்று கேட்டோம். "கிடங்குன்னா கிடங்குதான். அங்க யாரு உக்காந்து படிக்கிறது?" என்பது விடை. பொதுமக்களின் பதிவுகளுக்குப் பொதுமக்களே இடையூறாம்! காலையில் லாரி வருகிறது. பணியிலிருக்கும்வரை விதி தங்களைத் தடுத்தது. பணி முடிந்தபின் பூட்டு தங்களைத் தடுக்கும். இதைக் கேட்ட அன்று தாங்கள் தூசித் துணியை எடுத்துக்கொண்டு அடுக்குகளைத் துடைக்கப் போய்விட்டீர்கள். வாழ்நாளெல்லாம் எங்களைத் திட்டிய வாய் அன்று திட்டாததுதான் எங்களை இம்மடலை எழுத வைத்தது.

அக்கா அவர்களே, இப்போது தாங்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தபடி விதிகளை வரிவரியாய்ப் படித்தோம். தங்கள் பணி இன்று மாலை ஐந்து மணிக்கு நிறைவுற்றது. ஐந்து மணிக்கு மேல் தாங்கள் பணியாளர் அல்லர், குடிமக்களுள் ஒருவர். தேடலறை இன்று ஆறு மணி வரை திறந்திருக்கும். குடிமக்கள் தம் குடும்பப் பதிவைக் காண எந்த மேலாளரின் அனுமதியும் வேண்டா. ஆகவே தங்கள் வாழ்நாளில் தங்களுக்கென்று அந்த அறை திறந்திருக்கும் வேளை ஒன்றே ஒன்றுதான். அது இந்த வேளை.

இவ்விழாவைச் சரியாக ஐந்து மணிக்குத் தொடங்கி, ஆறரை மணி வரை நடத்தி, இடையில் தம் சிறப்புரையையும் அமைத்துக்கொண்டவர் மேலாளர் அவர்கள். அது தற்செயல் என்றே நம்ப விரும்புகிறோம். நம்ப முடியவில்லை.

எனவே வழக்கமான நினைவுப் பரிசு எதையும் நாங்கள் வாங்கவில்லை. இம்மடலோடு தங்கள் கையில் தரும் உறையில் இருப்பது தேடலறையின் வரிசைச் சீட்டு. ஐந்து அடித்ததும் தையற்காரப் பெண்மணி தங்கள் பெயரில் அதை வாங்கி, இன்னும் அங்கேயே இடம் பிடித்து நிற்கிறார். "அக்காவுக்கு முன்னாடி யாராவது நுழைஞ்சா கத்தரிக்கோல் இருக்கு பையில" என்று சொல்லியிருக்கிறார். பேரேடுகளைத் தைத்துக் கட்டும் நம் பைண்டர் அண்ணன் அந்த ஆண்டின் இறப்புத் தொகுதியை இறக்கி, தூசி தட்டி, சன்னலோர மேசையில் வைத்திருக்கிறார். நாங்கள் எவரும் அதைத் திறக்கவில்லை. அடையாளத் தாளும் செருகவில்லை. தேடுகிறவரே புரட்ட வேண்டும் அல்லவா? விண்ணப்பத்தில் 'தேடப்படுபவருக்கு என்ன உறவு' என்னும் கேள்விக்கு மட்டும் தாங்களே விடை எழுத வேண்டும். இந்த அலுவலகம் முழுவதும் தங்களை அக்கா என்று அழைத்தது. அப்படி அழைக்க உரிமையுள்ள ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் இன்னும் ஒருமுறைகூட அழைத்ததில்லை.

அப்பக்கத்தில் விடை இருக்கும் என்று உறுதி கூற எங்களால் இயலாது. கட்டம் வெறுமையாய் இருக்கலாம், மை அழிந்திருக்கலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாங்கள் தங்கள் கண்ணால் காண வேண்டும். மறுப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லாததை மறுத்தார்கள் என்பதே எங்கள் சினம். அது இன்று தணியாது. லாரி நாளை வரும்போது வாயிலில் யார் யார் நிற்பார்கள் என்பதை இம்மடலின் கீழுள்ள கையொப்பங்கள் சொல்லும்.

கண்ணொளி மங்காமல், கால் தளராமல், நாவின் காரம் நாளும் குன்றாமல், தேடிய உறவு திரும்ப வந்து திண்டாட வைக்குமளவு தாங்கள் நெடுங்காலம் நலமுடன் வாழ்க! திட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் எங்களை நினைவில் கொள்க!

அக்கா, மேலாளர் அவர்களின் சிறப்புரையைக் கேட்க நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம். அன்புகூர்ந்து தாங்கள் எழுந்து செல்லுங்கள். ஆறு மணி ஆக இன்னும் நேரம் இருக்கிறது. வரிசையில் தங்களுக்கு முன் ஒருவரும் இல்லை.

என்றும் தங்கள் ஏச்சுக்கும் அன்புக்கும் உரிய,
பதிவகப் பணியாளர்கள் அனைவரும்
(மேலாளர் நீங்கலாக)