கோட்டு சார் குடித்த கதை

...பவுடரை யாராவது அப்படி அப்புவாங்களா? சுவத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி! தலையை ஆட்டாதீங்கம்மா, சாயம் காதுக்குள்ள போயிடும். வாயால சொல்லுங்க. ம்... நீங்களும் பாக்குறீங்கல்ல? அதானே. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து பத்து நாள்கூட ஆகல, வெள்ளிக்கிழமை ஆனா உங்க வீட்லயும் அந்தச் சீரியல் சத்தம்தான் கேக்குது.

அதுல வர்ற மேக்கப்காரி இருக்காளே... கையில பிரஷ்ஷைப் பிடிக்கத் தெரியல, ஈ ஓட்டுற மாதிரி ஓட்டுறா. நான் இருபத்தேழு வருஷம் டீவி ஸ்டேஷன் மேக்கப் ரூம்ல நின்னவ. இப்ப இந்த முன்ரூம்ல நாலு பேருக்கு முடி வெட்டுறேன், சாயம் போடுறேன், அது வேற கதை. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி ஃபுட்பால் நிகழ்ச்சின்னா நாட்டுல பாதி ஜனம் டீவி முன்னாடி உக்காரும். அந்த நிகழ்ச்சிக்காரங்க கதைதான் இந்தச் சீரியலாம். எங்க ரூமுக்கு ஜன்னலே கிடையாதும்மா. ரெண்டு நாற்காலி, ஒண்ணுக்குக் கால் ஆடும். பல்பு எட்டு, எரியிறது அஞ்சு. இவனுங்க காட்டுறானுங்க பாருங்க, அரண்மனை! பூச்சாடி வேற!

அப்புறம் அந்த டைரக்டர்... கத்துறான், மேசையைக் குத்துறான், காப்பிக் கப்பைத் தூக்கி எறியுறான். எங்க டைரக்டர் கத்தினதே இல்ல. நிகழ்ச்சி நடத்துறவங்க காதுல பட்டாணி அளவு ஒரு கருவி மாட்டியிருப்பாங்க, அவர் பேசுறது நேரா அதுக்குள்ள போகும். கத்தினா மனுஷன் செவிடாயிடுவான்ல? "இன்னும் இருபது செகண்ட்... அந்தப் பெனால்டியைக் கேளுங்க"ன்னு பூனை நடக்குற மாதிரிப் பேசுவார். இதுகூடத் தெரியாம ஆறு வாரச் சீரியல்! தூ!

முழங்கால்னு ஒருத்தர் வருவார், பழைய ஆட்டக்காரர், முழங்கால் போயி ஆட்டத்தை விட்டவர். ஆட்டத்தை அலசிப் பேச வருவார். அவரை அதுல அழகனா ஆக்கிட்டானுங்க! சிரிச்சு சிரிச்சு எனக்கு விலா பிடிச்சுக்கிச்சு. அவர் மூக்குக்கு மட்டும் நான் மாசம் ஒரு டப்பா பவுடர் தீத்திருக்கேன்.

சரி, அதெல்லாம் போகட்டும். கோட்டு சாரை என்ன பண்ணி வச்சிருக்கானுங்க பாத்தீங்களா?

நிகழ்ச்சியை நடத்தினவர்மா. மேசைக்கு மேல கோட்டு, டை, பளபளன்னு. மேசைக்குக் கீழ அரை டவுசர்! அத்தனை லைட்டுச் சூட்டுல வேற என்ன பண்றது? அதனாலதான் எங்களுக்கு அவர் கோட்டு சார். சீரியல்ல பேரை மாத்திட்டாங்களாம். பெரிய புத்திசாலிங்க! கன்னத்து மச்சத்தை மாத்தினானுங்களா? கோடு போட்ட டையை மாத்தினானுங்களா? யாருக்குத் தெரியாது அவர்னு?

போன வெள்ளிக்கிழமை காட்டினாங்களே, அந்தப் பதினோரு செகண்ட்... அது நிஜமா நடந்தது. பன்னெண்டு வருஷம் ஆச்சு. இறுதிப் போட்டி, நேரடி ஒளிபரப்பு. "வணக்கம்"னார். அவ்வளவுதான். நின்னுபோயிட்டார். வீட்ல பதினோரு செகண்ட்னா ரெண்டு தும்மல். டீவியில அது ஒரு சாவு. காமிரா பாக்குது, அவர் பாக்குறார், பாதி நாடு பாக்குது, ஒரு சொல்லு வரல. அந்த வாரத்தோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அதுக்கு இவனுங்க காட்டுற காரணம் என்ன? குடி! என் மேக்கப் அலமாரியில பாட்டிலாம்! அந்த அலமாரியில பஞ்சையும் பவுடரையும் தவிர ஒரு எறும்புகூட இருந்ததில்ல.

சார் ஒரு சொட்டுத் தொட்டதில்லம்மா. எனக்குத் தெரியாதா? ஒருத்தருக்குப் பவுடர் போடணும்னா எவ்வளவு கிட்ட நிக்கணும்? இப்ப உங்ககிட்ட நிக்கிறேனே, இதுல பாதி. பத்தொம்பது வருஷம் அவர் விட்ட மூச்சு என் முகத்துல பட்டிருக்கு. இருமல் மிட்டாய் வாசம். அது தவிர ஒண்ணுமில்ல.

திங்கக்கிழமை போன் பண்ணினார். குரல் அப்படியே இருக்கும்மா... கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. "பேத்தி ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுவுதும்மா. 'உங்க தாத்தா பாட்டில் எங்கடி'ன்னு கேக்குறாங்களாம்"னார். மருந்துக்கடைக்குப் போனா கடைக்காரன் கண்ணடிக்கிறானாம். "பத்திரிகைக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு. என் மூச்சுக்கிட்ட நின்னவ நீ ஒருத்திதான். நான் குடிக்கலன்னு ஒரு வரி போதும். வேற எதுவும் எழுத வேணாம்"னார்.

வேற எதுவும் வேணாம்ங்கிறார்மா...

என்ன வேறயா? இருங்க, இந்தப் பக்கம் வேர்ல சாயம் பிடிக்கல.

அந்த இறுதிப் போட்டி அன்னிக்குக் காலையில ஒரு புது ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க. "இவர் தோலுக்கு எந்தப் பவுடர்னு பாத்து வை, யார்கிட்டயும் மூச்சு விடாதே"ன்னாங்க. புது மூஞ்சிக்குப் பவுடர் பாக்குறாங்கன்னா பழைய மூஞ்சிக்குச் சீட்டுக் கிழிஞ்சாச்சு. அங்க எனக்குத்தான் எதுவும் முதல்ல தெரியும். சாயங்காலம் வரைக்கும் அடக்கி வச்சிருந்தேன், சத்தியமா! ஏழு மணிக்கு மூணு நிமிஷம் இருக்கு. நெத்தி வேர்வையை ஒத்தி எடுக்குறேன். "என்னம்மா, இன்னிக்கு வாயே திறக்கல, உடம்பு சரியில்லையா?"ன்னார். கேட்டாரே, அப்படிக் கேட்டாரே! "சார், உங்க நாற்காலிக்கு ஆள் வந்தாச்சு"ன்னுட்டேன். ஆட்டம் முடியுற வரைக்கும் இந்த வாய் பொறுக்கல.

அவர் காட்டிக் குடுக்கல. ஏன் நின்னீங்கன்னு மேலிடத்துல கேட்டதுக்கு, "மறந்துபோச்சு"ன்னுட்டார். சொல்லியிருந்தா என் வேலையும் அன்னிக்கே போயிருக்கும். அப்புறம் எட்டு வருஷம் அந்தப் புது மூஞ்சிக்குப் பவுடர் போட்டேன்.

என்னது? குடின்னு சீரியல்காரனுங்களுக்கு யார் சொன்னதா?

...நல்லா கேக்குறீங்க.

கதை எழுதுறவன் இங்க வந்தான். முடி வெட்டணும்னு வந்தான், வாராவாரம் வந்தான். ஒரு தலையில அவ்வளவு முடி ஏது? உங்களை மாதிரியே, உம்முனு உக்காந்திருப்பான். பேசாத ஆளைக் கண்டா எனக்குப் பேசாம இருக்க வராது. டவுசரைச் சொன்னேன், முழங்காலைச் சொன்னேன்... கடைசி நாள், "அந்தப் பதினோரு செகண்ட் ஏன்?"னான். நான் என்னத்தச் சொல்ல? என்னாலன்னா? "கொஞ்சம் போட்டிருந்தாரோ என்னவோ"ன்னேன். என்னவோன்னுதாம்மா சொன்னேன்! அதுக்கு அலமாரி கட்டி, பாட்டில் வாங்கி வச்சு...

அவருக்கு இது தெரியாது. எவனோ எழுதினதுன்னு நினைச்சுக்கிட்டு என்கிட்டயே சாட்சி கேக்குறார்.

லெட்டர் எழுதிட்டேன். "சார் குடிக்கமாட்டார்." அதுக்குக் கீழ ரெண்டாவது வரி எழுதணும்னு மூணு நாளா பேனாவைத் திறக்குறேன், மூடுறேன்.

எங்க எந்திரிக்கிறீங்க? இன்னும் கழுவலையேம்மா! சாயம் ஒழுகுது... துண்டோடயா? இந்தத் தலையோட தெருவுல எப்படிப் போவீங்க?

யம்மா! நில்லுங்க! நாலு வீட்ல சொல்லத்தானே போறீங்க? சொல்லுங்க. வேணாம்ங்கல. மூணாவது தெருக் கோடியில பச்சைக் கேட்டு, கோட்டு சார் வீடு. தட்டினா அவரே வந்து தொறப்பார். முதல்ல அங்க போய்ச் சொல்லிடுங்க.