குமுதாவின் கார்டு

எனக்குச் சுத்தம் பிடிக்கும், இன்ஸ்பெக்டர். மேசையில் தேநீர் கிளாஸ் வைத்த ஈரம் இருந்தால்கூடத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன். எஸ்டேட் கிளினிக்கில் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கிராணி என்பார்கள். நல்லுசாமி என்று ஒரு பெயர் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

போன வருஷம் எங்கள் கம்ப்யூட்டரை டவுன் ஆஸ்பத்திரியோடு இணைத்தார்கள். ஒரே ஆளைப் பற்றி இரண்டு இடத்திலும் இருப்பதையெல்லாம் அது தோண்டியெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் சிவப்புப் புள்ளி வைக்கும். புள்ளியே இல்லாத கிளினிக்கை மேலிடத்தில் பாராட்டுவார்கள். எங்களுக்குக் கடைசியில் ஒரே ஒரு புள்ளிதான் மிஞ்சியது. அது குமுதாவின் பெயரில் இருந்தது.

கொழுந்து பறிக்கிற குமுதாவுக்குப் பென்சிலின் ஊசி ஆகாது, முகம் வீங்கி மூச்சடைத்தது என்று எங்கள் பதிவு சொன்னது. காலில் வெட்டுக்காயம் பட்டபோது அதே ஊசி போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றது ஆஸ்பத்திரிப் பதிவு. கூப்பிட்டுக் கேட்டேன்.

“வீங்குனது எனக்கில்லீங்க கிராணி, என் நாத்தனா காளியம்மாவுக்கு. அதுக்கு அடையாளக் கார்டு, ஐசி இல்ல. என் கார்டுலதான் மருந்து வாங்கும். காட்டிக் குடுத்துடாதீங்க லா, போலீஸ்ல புடிச்சிட்டுப் போயிடுவாங்க,” என்றாள்.

எங்கள் லயத்து வீடுகளில் இது புதிதல்ல. பிறந்தபோது பதியாமல் விட்ட பிள்ளைகள், வளர்ந்த பிறகு சொந்தக்காரர் கார்டில் காய்ச்சலுக்கு மருந்து வாங்குவார்கள். காளியம்மா கீழே ரிங்லெட் ஊர் வரைகூட இறங்கியதில்லை. வழியில் ஐசி கேட்பார்களோ என்ற பயம். நானொன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊசி ஆகாது என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டேன். குமுதாவின் பதிவில் குமுதாவைப் பற்றித்தானே இருக்க வேண்டும்? புள்ளி போய்விட்டது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் தொண்டை வீங்கிக் காய்ச்சலோடு காளியம்மா வந்தாள், அதே கார்டோடு. புது டாக்டர் திவாகர் பென்சிலினை எடுத்துக்கொண்டே, “அலர்ஜி ஏதாச்சும் இருக்கா கிராணி?” என்று கேட்டார். திரையைப் பார்த்தேன். இல்லை என்றேன்.

காளியம்மா என் பக்கம் திரும்பி, “அந்த ஊசி இல்லதானே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் என்ன சொல்ல முடியும்? வாயைத் திறந்தால் வரியை எடுத்தது யார் என்று வரும். பிறகு கார்டு விஷயம் வரும். குமுதாவுக்கு வேலையும் போகும், வீடும் போகும். எனக்கும் வேறு போக்கிடம் கிடையாது. மூன்று பேரும் வசமாக மாட்டிக்கொண்டிருந்தோம்.

“பயப்படாதம்மா,” என்றேன்.

ஊசி ஏறியதும் காளியம்மாவுக்கு முகம் வீங்கி மூச்சடைத்தது. டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். கோலா தெர்லாவிலிருந்து வந்த காய்கறி லோரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் திரிங்காப்பைத் தாண்டுவதற்குள் ஆம்புலன்சிலேயே உயிர் போய்விட்டது. கார்டில் இருந்த குமுதா என்ற பெயரிலேயே மரணத்தைப் பதிந்தேன். வீட்டார் பயத்தில் வாய் திறக்கவில்லை.

பிறகு குமுதா சர்க்கரை மாத்திரைக்கு வந்தாள். இறந்தவர்கள் பெயரில் மாத்திரை எழுத அந்தக் கம்ப்யூட்டர் விடாது. அதற்காக நான் அவளை விரட்டவில்லை. “ஒந் தங்கச்சி பிரேமலா கார்டை எடுத்துக்கிட்டு வாம்மா, நான் பாத்துக்கிறேன்,” என்று நல்ல விதமாகத்தான் சொன்னேன். அவள் வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே இறங்கி உங்களிடம் வந்திருக்கிறாள்.

வரியை எடுத்தது நான்தான். செத்துப்போவாள் என்று தெரிந்தே இல்லை என்று சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். குமுதா ஏன் இப்படிச் செய்தாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இந்த மலையில் அவளுக்கு உதவ என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?