பிள்ளைக்காம்பரா கேத்தில்

— திரும்பவும் நிண்டிட்டுது. வந்து பாரும் பிரியந்தி, திரை கறுப்பு.

— கரண்டு போச்சுங்களா றமணன் சார்?

— லைட் எரியுதுதானே. இந்தக் கண்டறியாத மெசின்தான் தன்பாட்டிலை நிண்டு தன்பாட்டிலை திரும்பத் தொடங்குது. மூண்டாவது கன்டெய்னரைக் கட்டுற நேரம் பாத்து விழுந்திருக்கு. யூபிஎஸ்ஸும் செத்துக் கனகாலம்.

— நம்ம கம்ப்யூட்டர் வகுப்பப் பாக்க ஆபீசர் மத்தியானம் வந்துருவாருங்க. நாலு திரையும் ஓடலைன்னா மெசின ஹட்டன் டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

— எனக்குத் தெரியாதே? முதலிலை கதவைச் சாத்தும். பனி முழுக்க உள்ளுக்கை வருது. யாழ்ப்பாணத்திலை பிறந்தவன் இருக்கிற இடமே இது?

— சாத்திட்டேன் சார். ஹீட்டர் சூடு காலுக்குப் படுதுங்களா?

— படுது, படுது. இப்பதான் ரெண்டாவது கம்பியையும் போட்டன். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வீட்டிலை கேட்டு வாங்கித் தந்ததுக்கு உமக்குப் புண்ணியம். இந்த அறையிலை ஒழுங்கா வேலை செய்யிற சாமான் அது ஒண்டுதான்.

— திருப்பி மொதல்லேருந்தா சார்?

— வேறை வழி? நாலு பிள்ளையளுக்கும் ஆளுக்கொரு மெசின் காட்டுறம் எண்டு சொல்லியாச்சு. இருக்கிறது ஒரு நல்ல மெசின், நாலு பழசு. அந்த ஒண்டுக்குள்ளை நாலு லினக்ஸை ஓடவிட்டு, பழசுகளிலை திரையை மட்டும் காட்டோணும். முதல் கியூஎமு போட்டன், ஊர்ந்துது. பிறகு ஸென் போட்டன், எழும்பவே இல்லை. இப்ப ஓப்பன்வீஇசட், அதிலைதான் இந்தக் கன்டெய்னருகள்.

— மொத ரெண்டும் ஆளுக்கொரு பங்களா கட்டுற மாதிரி, இது நம்ம லயம் மாதிரி. ஒரே கூரை, தனித்தனிக் காம்பரா. புள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்.

— நல்லாத்தான் சொல்லியிருக்கிறீர். கூரையே இப்பிடி விழுந்தா காம்பராவை வைச்சு என்ன செய்யிறது? எனக்கு விசர் வருது பிரியந்தி.

— நீங்க வராத நாள்ல ஒரு தடவகூட விழுகல சார். காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் ஓடுது.

— அப்ப நான்தான் பிழையே? பிள்ளையள் சும்மா டைப் அடிக்குதுகள், நான் மெசினைப் பிழிஞ்சு வேலை வாங்கிறன். எல்லாத்துக்கும் அந்தக் கரண்டுக் கேத்தில்தான் காரணம். பக்கத்துப் பிள்ளைக்காம்பராவிலை பால்மாவுக்குத் தண்ணி கொதிக்க வைக்கிறதும் இந்த லைனிலைதானே. கேத்திலைப் போட்டவுடனை வோல்டேஜ் விழுது. போன கிழமையே சொன்னன், கழட்டச் சொல்லி.

— அம்மாமாரு மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறாங்க சார். கைப்புள்ளைக பசிச்சு அழுதா காளியாயி அக்காதானே பாத்துக்கணும்.

— எனக்கும் இரக்கம் இருக்குது. ஒரு நாளைக்குத்தானே கேட்டன். கோபத்திலை வேர்க்குது, ஹீட்டரிலை ஒரு கம்பியை நிப்பாட்டும். நீரே சொல்லும், இந்த மெசின் போச்செண்டா உம்மடை வகுப்பு என்னாகும்?

— வகுப்ப மூடுனா மொதல்ல லெட்சுமியக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிருவாங்க. மத்த மூணும் பின்னாலேயே போகும். அதுங்க வீட்டுல கெஞ்சி நிறுத்தி வச்சிருக்கிறது நான்தான் சார்.

— அப்ப போய்க் கேத்திலைக் கழட்டும்.

— நேத்தே கழட்டிட்டேன்.

— என்ன?

— நேத்து சாயங்காலமே. இன்னிக்கு வெறகடுப்புலதான் தண்ணி வைக்கிறாங்க.

— அப்பிடியெண்டா இப்ப விழுந்தது? ஆரோ திரும்பக் கொழுவியிருக்கினம். அந்த மனுசி உமக்குத் தெரியாமல் போட்டிருக்கும்.

— ஏம்மா பிரியந்தி, கதவத் தெற. நாந்தான் காளியாயி.

— வாங்கக்கா. எம் மக எப்படி இருக்கா?

— இருமிக்கிட்டே கெடக்கா. ஈர வெறகு, உள்ள பூரா பொக. எல்லாக் கொழந்தைகளும் கண்ணக் கசக்குதுக. கேத்திலக் கொண்டாந்துட்டேன், நீயே வச்சுக்க. அங்கன இருந்தா மனசு கேக்காம நானே சொருகிருவேன்.

— உம்மடை பிள்ளையும் அங்கையே பிரியந்தி? நீர் ஒண்டும் சொல்லேல்லை.

— சொன்னா வேல நடக்குமா சார். மூணாவது காம்பரா எவ்வளவு தூரம்?

— முடியப்போகுது. இந்த முறை விடமாட்டன். கதவைச் சாத்துங்கோ அம்மா, பனியிலை விரல் விறைச்சுப் போச்சு. பிரியந்தி, ஹீட்டரிலை மற்றக் கம்பியையும் போட்டுவிடும்.

— போட்டுட்டேன் சார்.

— நிண்டிட்டுது. கடவுளே, திரும்பவும் நிண்டிட்டுது. நான் சொன்னனானெல்லே, அங்கை ஆரோ கேத்திலைப் போட்டிட்டினம்.

— கேத்திலு இன்னும் எங் கையிலதாங்கய்யா இருக்குது.

— சார், காலை எடுங்க. மெசின் பிளக்குலேருந்து ஹீட்டரக் கழட்டணும்.