அம்மாவின் இதயத்தைச் சுற்றி ஒரு கோடு

எக்கோ எடுப்பதற்கு முன் நெஞ்சில் தடவும் ஜெல் சில்லென்று இருக்கும். பெரும்பாலான இடங்களில் அப்படியே பிதுக்கித் தடவிவிடுவார்கள். நான் மட்டும் டப்பாவை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்மேல் ஒரு புகார் வந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

அம்மாவும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை; பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லியே அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இனிமேல் பேத்தியோடுதான் இருக்கப்போவதாகச் சொல்லி, பரண்மேலிருந்த சூட்கேஸை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தாள்.

"நீ ஆஸ்பத்திரியே கதின்னு கிடக்கிறவ. வீட்டுல நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது. வேலை முடிந்து வந்து, நானே பூட்டைத் திறந்து, நானே விளக்கைப் போட வேண்டிய வீட்டை நினைத்துப் பார்த்தேன்.

பயணத்துக்கு முன் எல்லாச் சோதனையும் செய்துவிடலாம் என்று தம்பிதான் சொன்னான். அதனால் இதை ஆரம்பித்தது நானில்லை.

அம்மா இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தபடி திரையையே பார்த்தாள். "என்னடி இது, மீனு வாயைத் திறந்து திறந்து மூடுற மாதிரி இருக்கு? இதுவா நானு?" என்றாள். அழகான இதயம். அந்த வயதில் அப்படியொரு துடிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதை எங்கள் பழைய மெஷின் தானாகக் கண்டுபிடிக்காது. இதயம் விரிந்திருக்கும்போது ஒரு படத்தையும் சுருங்கியிருக்கும்போது ஒரு படத்தையும் நிறுத்தி, இரண்டிலும் உள்சுவரை ஒட்டி நாங்கள் கையால் கோடு வரைய வேண்டும். அதை வைத்து மெஷின் கணக்குப் போடும். புதிதாக வருகிறவர்கள், சுருங்கிய படத்தில் கோட்டைச் சற்று வெளியே தள்ளிச் சதையின்மேல் வரைந்துவிடுவார்கள். நல்ல இதயம்கூட அதில் சரியாகச் சுருங்காத நோஞ்சானாகத் தெரியும். அதற்காக எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். அன்று நானே அப்படி வரைந்தேன். எங்கள் டாக்டர் படத்தைப் பார்க்கவே இல்லை. நான் வரைந்தது என்றால் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"பாதி பலம்தான் இருக்கு. விமானப் பயணமெல்லாம் வேண்டாம்மா" என்று அவர் சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அதன்பிறகு அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். உப்பில்லாமல் நானே சமைத்தேன். தண்ணீரை அளந்து கொடுத்தேன். முதலில் மாடிப்படி வேண்டாம் என்றேன். அப்புறம் வாசலுக்குப் போக வேண்டாம் என்றேன். கடைசியில் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே வேண்டாம் என்றேன். நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்தை இறக்க ஒரு மாத்திரை, எதுவும் வேளை தவறியதில்லை. ஒவ்வொரு முறையும் எக்கோவை நான்தான் எடுத்தேன். கோடு இன்னும் கொஞ்சம் வெளியே போகும். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். பெற்றால் இப்படியொரு பெண்ணைப் பெற வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போனில் பேத்தியின் முகத்தைப் பார்ப்பதற்குக்கூட அம்மாவுக்குத் தெம்பில்லாமல் போயிற்று. நாக்கு வறண்டு, "ஒரு வாய் தண்ணி குடுடி" என்பாள்.

"நெஞ்சு தாங்காதும்மா" என்பேன்.

ஒரு நாள் கட்டிலிலேயே நினைவிழந்தாள். தம்பி பதறியடித்துக்கொண்டு வந்து, என்னைக் கேட்காமலேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அங்கே இதயத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் படத்தில் பொய் சொல்ல முடியாது என்றில்லை. பொய் சொல்ல வேண்டிய தேவை அங்கே யாருக்கும் இல்லை.

"இதயத்துல ஒரு குறையும் இல்லையே. இவ்வளவு மாத்திரை எதுக்குக் குடுத்தீங்க? உடம்புல நீரே இல்லாம ரெண்டு கிட்னியும் போயிடுச்சு" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

தம்பி என்னைப் பார்த்தான். "நீதானேக்கா படம் எடுத்தே?"

ஆமாம் என்றேன்.

அம்மாவுக்கு நினைவு திரும்பியிருந்தது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. தம்பியை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாள். "அப்போ நான் போயிருக்கலாமாடி?" என்று கேட்டாள். பஞ்சை நனைத்து அவள் உதட்டைத் துடைத்துவிட்டேன். மறுநாள் போய்விட்டாள்.

தம்பி என்னைக் கொலைகாரி என்கிறான். கோடு வரைந்தது நான்தான். மாத்திரை கொடுத்ததும் தண்ணீர் கொடுக்காததும் நான்தான். தெரிந்துதான் செய்தேன், எதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசிப் படத்தைக் கேட்டு வாங்கி ஒருமுறை பாருங்கள். சாகும்வரைக்கும் அம்மாவின் இதயத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.