வாசுவின் பொறுமை

இந்தக் கோப்பியில் சீனி கொஞ்சம் கூடுதல், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, குடிக்கிறேன். நான் பயந்த சுபாவம். நீங்கள் சத்தம் போடாமல் கேட்பதே எனக்குப் பெரிய உதவி.

என் பெயர் முத்துக்குமாரு. ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் எலி, குரங்குகளைப் பராமரிக்கிற வேலை, பதினாறு வருடமாகிறது. இந்தக் கையில் இரண்டு விரல் இல்லை, பாருங்கள். பதினோராம் கூண்டுக் குரங்கு கடித்தது. அதற்கு முன் இரண்டு வருடம் அது என்னைப் பார்த்து ஒருமுறைகூடப் பல்லைக் காட்டியதில்லை. கத்துகிற குரங்குகளுக்கு நான் பயப்படுவதில்லை. அமைதியாக இருப்பதைக் கண்டால்தான் எனக்கு வியர்க்கும்.

என் தங்கை குணபூசணியின் கணவன் வாசு அப்படிப்பட்டவன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஒருநாள் கொதிக்கிற ரசத்தை அவள் அவன் மடியில் கொட்டிவிட்டாள். தோல் சிவந்து போயிற்று. "பரவாயில்லம்மா, உன் கையில பட்டுச்சா?" என்று கேட்டான். எல்லோரும் அவனைத் தங்கமான மனுஷன் என்றார்கள். அன்றிரவு நான் என் அறைக்கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படுத்தேன். அந்தக் கோபம் எங்கே போயிற்று? அந்தக் கோபத்தோடு ஒரே அறையில் என் தங்கை தனியாக இருந்தாள்.

அந்தச் சமயம் எங்கள் கூடத்தில் டாக்டர் மார்க்கிரட் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார். எலி ஒரு கம்பியை அழுத்தினால் உடனே ஒரு தீனி. இன்னொன்றை அழுத்திவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் நாலு தீனி. பழகிய எலிகள் காத்திருக்கும். ஒரு பொடியைக் கொடுத்தால் அவற்றால் காத்திருக்க முடியாது. மூளையில் செரோட்டோனின் என்று ஒன்று இருக்கிறதாம்; பொடி அதைக் குறைத்துவிடும். "அதுதான் பிரேக், முத்து. எலிக்குப் பசி கூடல. பிரேக்தான் போயிடுச்சு," என்றார்.

"அப்ப உள்ளே இருக்கிற நிஜக் குணம் வெளியில வந்துடும், இல்லையா டாக்டர்?"

"இல்லலா. பொடி குணத்தைக் காட்டாது. கெடுத்துடும்."

படித்தவர்தான். ஆனால் கூண்டைக் கழுவுகிறவன் நான்.

மருந்து அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது. காலையில் வீட்டில் கோப்பி போடுவதும் நான்தான். தங்கை கோப்பி தொடமாட்டாள், மைலோதான் குடிப்பாள், அதனால் சிரமமில்லை. அவன் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவளைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மூன்றாவது வாரம் வாசு பேங்க் வரிசையில் ஒருவரைப் பிடித்துத் தள்ளினான். ஐந்தாவது வாரம் சாப்பாட்டுத் தட்டு பறந்துபோய்ச் சுவரில் மோதியது. தங்கை என் அறைக்கு வந்தாள்.

"அண்ணா, அவருக்கு என்னமோ ஆயிடுச்சு. தட்டை வீசிட்டு அவரே உட்கார்ந்து அழுறாரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?"

  "வேண்டாம்லா. வேலைல டென்ஷன். கொஞ்சம் பொறு," என்றேன். நான் நினைத்தது சரியாகிக்கொண்டு வந்தது. பாதியில் நிறுத்தினால் சோதனை வீண்.

ஏழாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை பந்திங்கில் ஒரு கல்யாணம். மூன்று பேரும் வாசுவின் காரில் போவதாக இருந்தோம். நான் வயிற்றுவலி என்று சொல்லி நின்றுவிட்டேன். வழிக்கு ஃபிளாஸ்க்கில் கோப்பி போட்டுக் கொடுத்தேன். கார் கிளம்பும்போது தங்கை கண்ணாடியை இறக்கி, "கஞ்சி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக் குடிங்க," என்றாள்.

பந்திங் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி முன்னால் போயிருக்கிறது. பத்து மைல் ஆனாலும் லோரியின் பின்னாலேயே போகிறவன் வாசு. அன்று வளைவில் முந்தினான். எதிரே பஸ். தங்கை அங்கேயே போய்விட்டாள். அவனுக்குக் கால் மட்டும் முறிந்தது.

கோர்ட்டில் அவன் வக்கீலே வைக்கவில்லை. "நான்தான் அவசரப்பட்டேன்," என்றான். ஜெயில் கொடுத்தார்கள். இது நடந்தது எண்பத்தாறில். எல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கும். பொடியைப் பற்றி மட்டும் இருக்காது. அதைப் போட்டது நான்.

போன மாதம் ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன். பொடி எப்போதோ இறங்கிவிட்டது. பழையபடி அமைதியாக உட்கார்ந்திருந்தான். "உங்க தங்கச்சியை நான் கொன்னுட்டேன், மச்சான். மன்னிச்சிடுங்க. வெளியில வந்ததும் உங்களை நான் பார்த்துக்கிறேன்," என்றான். கண் கலங்கியிருந்தது. அன்றிலிருந்து நான் தூங்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அவனை விடுகிறார்கள். அதற்காகத்தான் வந்தேன், இன்ஸ்பெக்டர். எங்கே கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். அவனை மட்டும் வெளியே விடாதீர்கள். ஒரு கொலைகாரனோடு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியாது.