துணைக்கு வந்தவரையும் கேட்போம்

பெருமூச்சு கேட்டே பழகிய இந்த மருத்துவமனையில் இன்று சிரிப்பொலி கேட்கச் செய்திருக்கும் தலைவர் டாக்டர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று கதவோரம் தயங்கி நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் இந்தச் செவிலியின் வணக்கம்!

குடிநோய்க்கென்று தனிச் சிகிச்சை அறை திறக்கும் இந்நாளில் ஒரு கதை சொல்கிறேன். நாயகர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். "தாராளமா சொல்லுங்க சிஸ்டர், நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஒரு காலையில் தன் மச்சானைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். மச்சானை ஊரே அறியும். ஒரு கோப்பை உள்ளே போனால் போதும், பாட்டுக் கச்சேரிதான். விளக்குக் கம்பத்திடம் நலம் விசாரிப்பார். சிரிக்காதீர்கள், அவரும் இங்கேதான் இருக்கிறார்!

"இவனுக்கு வைத்தியம் பாருங்க சிஸ்டர், மானம் போகுது. நானும்தான் குடிக்கிறேன், என்னைக்காவது தள்ளாடியிருப்பேனா?"

எங்களுக்கு ஒரு வழக்கம். காய்ச்சலுக்கு வந்தாலும் கால்வலிக்கு வந்தாலும் குடியைப் பற்றிக் கேட்போம். துணைக்கு வந்தவரையும் விடமாட்டோம். மச்சானைக் கேட்டேன். எப்போதாவது ஒரு விருந்தில் குடிப்பதோடு சரி, மறுநாள் அந்த நினைப்பே வராதாம். அடுத்து, கூட்டி வந்த கடைக்காரர்.

"காலையில எழுந்ததும் குடிக்கத் தோணுமா அண்ணே?"

"கொஞ்சம் போட்டாத்தான் கை நிக்கும். கண்ணாடித் திருகாணி பொடிசுல்ல?"

"நிறுத்திப் பாத்தீங்களா?"

"பாத்தேன். வேர்த்துக் கொட்டுச்சு, தூக்கமே இல்ல. அப்புறம்..."

மச்சான் மெல்லக் கேட்டார்: "மாமா, இப்ப யாரைச் சேக்கறது?"

தள்ளாடியவரைத் திட்டினோம், தள்ளாடாதவரைத் தட்டிக்கொடுத்தோம்! எவ்வளவு ஊற்றினாலும் அசையாத உடல் நல்ல உடலா? இல்லை, அது குடிக்குப் பழகிப்போன உடல்! குடிக்காவிட்டால் நடுங்கும் கை கொழுப்பெடுத்த கையா? இல்லை, நோயுற்ற கை! நோய்க்கு வேண்டியது வசையா? மருந்தல்லவா!

டாக்டர் பரிசோதித்து, குடிநோய்தான் என்றார். கண்ணாடிக் கடைக்காரர் கலங்கிவிட்டார். "இந்தக் கைதான் டாக்டர் என் பொழப்பு. இன்னைக்கே நிறுத்திடறேன்" என்று எழுந்தார்.

"உக்காருங்க. வீட்டுல தனியா சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. இங்கே தங்குங்க, மருந்து குடுத்து நிறுத்துவோம்" என்றார் டாக்டர்.

தங்கினார். கட்டிலருகே துணையிருந்தவர் யார்? மச்சானேதான்! பாடாமல் இருந்ததுதான் அவர் செய்த பெரிய தியாகம். வீடு திரும்பியபின் ஒருமுறை சறுக்கிக் குடித்துவிட்டு, முகத்தைக் காட்டவே கூசிக் கடைக்குள் அடைந்து கிடந்தார் நம் நாயகர். "வாங்க மாமா, போவோம்" என்று மறுபடியும் அழைத்து வந்ததும் அதே மச்சான்தான். நாங்கள் கோபிக்கவில்லை. மருந்தும் ஆலோசனையும் மறுபடி தொடங்கின.

சற்று முன் மேடையேறும்போது என் கண்ணாடியின் கால் கழன்று விழுந்தது, பார்த்தீர்கள் அல்லவா? கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து, நின்றபடியே அந்தப் பொடித் திருகாணியை முடுக்கித் தந்தாரே, அவர்தான் இவர்! காலையில் ஒரு சொட்டும் தொடாத கை அது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கைதட்டுங்கள், அந்தக் கைக்காகத் தட்டுங்கள்!

துணைக்கு வருபவர்களே, உங்களையும் கேட்போம், கோபிக்காதீர்கள். கதவோரத் தம்பிகளே, உள்ளே வாருங்கள், உங்களுக்கும் நாற்காலி போட்டிருக்கிறோம். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பாடாமல் கேட்ட மச்சானுக்கும் நன்றி, வணக்கம்!